பிரேக் பார்த்தது

அலமேலு மோட்டார் சர்வீசுக்குக் கள்ளக்குறிச்சியில் ஒரு தகர ஷெட்டும் நாலு பஸ்களும் இருந்தன. மூன்று பஸ்கள் சின்னசேலம், எலவனாசூர்கோட்டை என்று சமவெளியில் ஓடின. நாலாவது, கச்சிராயபாளையத்தைத் தாண்டிக் கல்வராயன் மலையேறி வெள்ளிமலை வரை போய்த் திரும்பும். இந்த நாலும் எப்படி ஓடுகின்றன என்பது ஆண்டவனுக்கும் வீரமுத்து மேஸ்திரிக்கும் மட்டும்தான் தெரியும். ஆண்டவனுக்கே சில சமயம் சந்தேகம் வரும், மேஸ்திரிக்கு வராது. எந்த போல்ட்டு எந்த வண்டியிலிருந்து கழற்றி எதில் மாட்டியது, எந்த கியரை எப்படி நைச்சியமாகப் போட வேண்டும், எந்தச் சத்தத்துக்குப் பயப்பட வேண்டும், எந்தச் சத்தத்தைக் கண்டுகொள்ளக் கூடாது, எல்லாம் அவர் தலைக்குள் இருந்தன. தலையைச் சுற்றி எப்போதும் ஒரு கிரீஸ் துண்டை இறுக்கிக் கட்டியிருப்பார், உள்ளே இருப்பது ஆவியாகிவிடக் கூடாது என்பதுபோல.

அந்தத் தலையைத் திறந்து காகிதத்தில் கொட்டிவிட வேண்டும் என்று கிளம்பி வந்தவர் அரங்கநாதன்.

அரங்கநாதன் அரசாங்க பஸ் டிப்போ ஒன்றில் ஸ்டோர்கீப்பராக இருந்து ஓய்வு பெற்றவர். ஒரு நட்டு வெளியே போக மூன்று பேர் கையெழுத்துப் போட வேண்டும் என்ற விதியை மற்றவர்கள் திட்டுவார்கள். அவர் அதை ரசித்து வாழ்ந்தார். ஓய்வு பெற்று வீட்டுக்கு வந்த பிறகு கை சும்மா இருக்கவில்லை. துவரம்பருப்பு டப்பாவில் இருப்பு எவ்வளவு என்று சீட்டு ஒட்டினார். அன்றைக்கே அவர் மனைவி தங்கமணி சொந்தக்காரர்களிடம் சொல்லி, இவருக்கு எங்கேயாவது ஒரு வேலை பார்த்துக் கொடுக்கச் சொன்னாள். அப்படித்தான் எண்பத்தேழாம் வருஷம் வைகாசியில் அவர் அலமேலு மோட்டார் சர்வீசுக்கு ஸ்டோர்கீப்பராக வந்து சேர்ந்தார்.

முதலாளி தனசேகரனுக்குக் கரும்புத் தோட்டம்தான் முக்கியம்; பஸ் கௌரவத்துக்கு. அவர் அரங்கநாதனைக் கூப்பிட்டு, "எல்லாத்தையும் எழுதி வைங்க. எவன் எதைத் தொட்டான், எவன் எதை மாத்தினான்னு எனக்குத் தெரியணும். சாமான் காணாமப் போய்க்கினே இருக்குது" என்றார். அரங்கநாதனின் காதில் முதல் வாக்கியம் மட்டும்தான் விழுந்தது. கடைசி வாக்கியம் விழுவதற்குள் அவர் மனசு அட்டைக்கு என்ன நிறம் என்று யோசிக்கத் தொடங்கிவிட்டது.

ஒவ்வொரு பஸ்ஸுக்கும் ஒரு நிறத்தில் ஜாப் கார்டு அச்சடித்தார். மலை பஸ்ஸுக்குப் பச்சை. இடது பக்கம் டிரைவர் வண்டியின் குறையை எழுத வேண்டும், வலது பக்கம் மெக்கானிக் செய்த வேலையை எழுத வேண்டும், கீழே ஸ்டோர்கீப்பர் கையெழுத்து. எழுதாமல் ஸ்டோர் ஜன்னலில் வந்து நிற்பவனுக்கு ஒரு வாஷர்கூடக் கிடையாது என்று அறிவித்தார். அதைப் புரிய வைக்க ஒரு கூட்டமும் போட்டார். டீ, போண்டா ஏற்பாடு. ஷெட்டில் இருந்த அத்தனை பேரும் வந்தார்கள்.

"எழுதாத வேலை செய்யாத வேலைக்குச் சமம்" என்று ஆரம்பித்தார் அரங்கநாதன்.

வீரமுத்து போண்டாவைப் பிட்டுக்கொண்டே கேட்டார்: "சார், டாக்டரு ஆபரேசன் பண்றப்ப எழுதிக்கினா இருப்பாரு?"

"பண்ணி முடிச்சதும் எழுதுவாரு மேஸ்திரி. எழுதலன்னா, வயித்துக்குள்ள கத்திரிக்கோல விட்டுட்டாரா இல்லையான்னு யாருக்குத் தெரியும்?"

"வயிறு வலிச்சாத் தெரிஞ்சிடும் சார்" என்றான் சின்னதுரை. மேஸ்திரிக்கு அடுத்த மெக்கானிக் அவன்தான். எல்லோரும் சிரித்தார்கள். போண்டா தீர்ந்ததும் கூட்டமும் தீர்ந்தது. அன்றிலிருந்து அரங்கநாதனுக்குக் 'காயிதம் சார்' என்று பேர் ஆயிற்று.

கார்டுகள் நிரம்பத் தொடங்கின. மலை பஸ் டிரைவர் வீரமணி முதல் நாள், 'வண்டி சரியில்லை' என்று எழுதினான். மறுநாள், 'மேற்படி'. அதற்கப்புறம் தினமும் 'மேற்படி'. வண்டி ஷெட்டைவிட்டே நகராத ஆயுத பூஜையன்று அவனை எழுதச் சொன்னாலும் 'மேற்படி' என்றுதான் எழுதியிருப்பான். சின்னதுரை, 'வேலை செய்தேன்' என்று எழுதினான். இன்னும் விவரமாக எழுது என்று அரங்கநாதன் கெஞ்சியதில், 'நன்றாக வேலை செய்தேன்' என்று திருத்திக் கொடுத்தான். மேஸ்திரி மட்டும் கொஞ்சம் வகைப்படுத்தினார். 'இன்ஜின் பார்த்தது', 'கியர் பார்த்தது', 'பிரேக் பார்த்தது'. திருப்பதிக்குப் போனவர் சாமி பார்த்த தோரணையில் இருந்தது அது.

அரங்கநாதன் விடவில்லை. மாதத்தின் சிறந்த கார்டுக்கு ஒரு வாசனை சோப்பு பரிசு என்று அறிவித்தார். சின்னதுரை தன் அக்கா மகளிடம் கொடுத்து, முத்து முத்தான கையெழுத்தில், 'இறைவன் அருளால் இன்று பஸ் இனிதே ஓடியது' என்று எழுதி வாங்கி வந்தான். வேறு யாரும் போட்டிக்கே வராததால் சோப்பு அவனுக்குப் போனது. கார்டோடு கட்டித் தொங்கவிட்ட பென்சில்களைக் காது குடைய வைத்துக்கொண்டார்கள். ஆயில் அளவு பார்க்கும் டிப்ஸ்டிக்கைக் கார்டுகளால் துடைத்தார்கள். அட்டை நல்ல கனம், எண்ணெய் நன்றாக இழுக்கிறது என்று பாராட்டும் கிடைத்தது.

ஒருநாள் மத்தியானம் அரங்கநாதன் மேஸ்திரியைத் தனியாக உட்காரவைத்துக் கேட்டார். "உண்மையச் சொல்லுங்க மேஸ்திரி. உங்களுக்கு எழுதத் தெரியாமலா?"

"எட்டாங்கிளாஸ் படிச்சிருக்கறேன் சார். எழுதத் தெரியும்."

"அப்புறம் என்ன?"

வீரமுத்து பீடியைத் தரையில் தேய்த்து அணைத்தார். "நான் எல்லாத்தையும் எழுதிக் குடுத்துட்டேன்னு வைங்க. அப்பால எனக்கு இன்னா வேலை இங்க? அந்தக் காயிதத்தைப் பாத்து எவன் வேணா ரிப்பேர் பண்ணிக்குவான். மொதலாளி கம்மி சம்பளத்துக்கு ஒருத்தன இட்டாந்து குந்த வெச்சிடுவாரு. இன்னொண்ணும் இருக்குது. எழுதினவன் கையிதான் மாட்டும். எழுதாதவன் எங்கியும் மாட்ட மாட்டான்."

 அரங்கநாதன் இருந்த டிப்போவில் யாருக்கும் வேலை போகாது. அதனால் இந்தக் கேள்வியும் அங்கே யாருக்கும் வந்ததில்லை. "அப்படியெல்லாம் ஆகாது. நான் இருக்கேன்" என்றார். சொல்லும்போதே அவருக்குத் தன் குரல் ஒரு மாதிரியாகக் கேட்டது. மேஸ்திரி மரியாதையாகத் தலையாட்டிவிட்டுப் போய், கார்டில் 'கிளட்ச் பார்த்தது' என்று எழுதினார்.

அந்த வருஷம் செப்டம்பரில் இட ஒதுக்கீடு கேட்டு ஒரு வாரம் சாலை மறியல் நடந்தது. ரோட்டோரப் புளியமரங்களை வெட்டிக் குறுக்கே சாய்த்துவிட்டார்கள். பாலங்களை உடைத்தார்கள். கள்ளக்குறிச்சியிலிருந்து எந்தப் பக்கமும் ஒரு சைக்கிள் போக வழியில்லை. சில ஊர்களில் துப்பாக்கிச் சூடு நடந்து ஆட்கள் செத்துப்போனார்கள் என்று செய்தி வந்தபோது, எதையும் கேலி செய்யும் அந்த ஷெட்டில்கூட எல்லோரும் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

மறியலுக்கு முதல் நாள் மலையேறிய பஸ், வீரமணியோடும் பயணிகளோடும் வெள்ளிமலையிலேயே நின்றுவிட்டது. வீரமுத்து மேஸ்திரி எலவனாசூர்கோட்டைப் பக்கம் இருந்த தன் ஊருக்குப் போயிருந்தார். அவர் மறியல் செய்தாரா, மறியலை வேடிக்கை பார்த்தாரா என்பதில் இன்றைக்கும் இரண்டு கட்சி உண்டு. போலீஸ் வேனுக்கு அந்த வித்தியாசமெல்லாம் தெரியவில்லை. அவரையும் அள்ளிப்போட்டுக்கொண்டு வெளியூர் ஜெயிலுக்குப் போய்விட்டது. அவரோடு நாலு பஸ்களின் விவரமும் ஜெயிலுக்குப் போயிற்று.

மறியல் முடிந்து மரங்களை அறுத்து இழுத்துக்கொண்டிருந்த நாளில் மலையிலிருந்து ஒரு தகவல் வந்தது. வீரமணி சொல்லி அனுப்பியது இவ்வளவுதான்: 'பிரேக் மிதிச்சா பெடல் பள்ளத்துக்குப் போவுது, ஆளை அனுப்புங்க.' அதை மரவள்ளி வியாபாரி ஒருவரிடம் சொன்னான். அவர் நடந்து இறங்கிக் கச்சிராயபாளையம் டீக்கடையில் சொன்னார். டீக்கடைக்காரர் ஒரு பால்காரரிடம் சொன்னார். பால்காரர் வந்து ஷெட் வாசலில் சைக்கிளை நிறுத்தி, "மலை பஸ்ஸு பள்ளத்துக்குப் போயிடுச்சாம். ஆளுங்கள அனுப்பச் சொன்னாங்க" என்றார்.

கொஞ்ச நேரத்தில் வீரமணியின் பெண்சாதி குஞ்சம்மாள் மார்பில் அடித்துக்கொண்டு ஷெட்டுக்குள் ஓடிவந்தாள். முதலாளியும் காரில் வந்து இறங்கினார். டைப்பிஸ்ட் மணிமொழியைப் பார்த்து அவர் கேட்ட முதல் கேள்வி, "இன்சூரன்சு நடப்புல இருக்குதா பாரும்மா." ஒரு சொம்பு தண்ணீர் குடித்த பிறகு கேட்ட இரண்டாவது கேள்வி, "வண்டியில எத்தினி பேரு இருந்தாங்க?"

 அரங்கநாதன் மலை பஸ்ஸின் பச்சைக் கார்டுகளை எடுத்து ஒவ்வொன்றாகப் புரட்டினார். கடைசிக் கார்டின் இடது பக்கம் 'மேற்படி'. வலது பக்கம் 'பிரேக் பார்த்தது'. என்ன பார்த்தார், எந்தச் சக்கரத்தில் பார்த்தார், பார்த்துவிட்டு என்ன செய்தார், ஒன்றும் இல்லை. கீழே அரங்கநாதனின் கையெழுத்து மட்டும் வெகு அழகாக இருந்தது.

மரம் ஏற்றப் போன லாரி ஒன்றில் அவரும் சின்னதுரையும் கிளம்பினார்கள். குஞ்சம்மாள் யாரையும் கேட்காமல் முன்னால் ஏறி உட்கார்ந்துவிட்டாள். வழியில் எந்தப் பள்ளத்தைக் கண்டாலும் லாரியை நிறுத்தச் சொல்லி எட்டிப் பார்த்தாள். மலையில் பள்ளத்துக்கா பஞ்சம்? லாரி ஊர்ந்துதான் போனது.

வெள்ளிமலையில் பஸ் ஒரு மரத்தடியில் சாதுவாக நின்றுகொண்டிருந்தது. வீரமணி கடைசி சீட்டில் வாயைத் திறந்துபோட்டுத் தூங்கிக்கொண்டிருந்தான். குஞ்சம்மாள் அவனை எழுப்பி முதுகில் நாலு சாத்து சாத்தினாள். அப்புறம் அவன் காலைக் கட்டிக்கொண்டு அழுதாள். "இன்னாத்துக்கு அடிக்கற, இன்னாத்துக்கு அழுவுற, ஒண்ணு சொல்லிட்டுப் பண்ணு" என்றான் அவன்.

சின்னதுரை வண்டிக்கு அடியில் புகுந்தான். வலது பின்சக்கரத்தின் பக்கம் பிரேக் ஆயிலில் நனைந்திருந்தது. அந்தச் சக்கரத்தைக் கழற்றிப் பிரித்தான். எல்லாம் சரியாக இருந்தது. முன்சக்கரங்களைப் பிரித்தான், அவையும் சரி. "மேஸ்திரி இன்னாத்த பாத்தாரோ, எங்க பாத்தாரோ, ரெண்டு வார்த்த எழுதித் தொலைச்சிருக்கக் கூடாதா?" என்று வண்டிக்கு அடியிலிருந்தே கத்தினான். வாசனை சோப்பு பரிசு வாங்கியவனின் வாயிலிருந்து இது வந்ததை அரங்கநாதன் குறித்துக்கொண்டார். ஆனால் சந்தோஷப்பட முடியவில்லை.

வெயில் சாயும்போதுதான் கண்டுபிடித்தான். இடது பின்சக்கரத்துக்குப் போகும் பிரேக் குழாயை நடுவிலேயே நசுக்கி மடித்து, அதன்மேல் டியூப் ரப்பரைச் சுற்றி, கிரீஸ் பூசியிருந்தது. அந்தச் சக்கரத்துக்குப் பிரேக்கே கிடையாது. ஒரு வாரம் நின்றதில் மடித்த இடம் விரிசல் விட்டு, ஆயில் அச்சு வழியாக வழிந்து அடுத்த பக்கம் போய்ச் சொட்டியிருக்கிறது.

"அப்படின்னா இத்தனை நாள் மூணு சக்கரப் பிரேக்லதான் மலையேறி இறங்கிச்சா?" என்று கேட்டார் அரங்கநாதன்.

"ஏறதுக்கு பிரேக்கு வேணாம் சார்" என்றான் வீரமணி ஆறுதலாக.

சின்னதுரை குழாயை இன்னும் கொஞ்சம் மேலே மடித்து, ஆயில் ஊற்றி, ஓரளவு பெடல் நிற்கும்படி செய்தான். காலையில் பயணிகள் எல்லோரும் மூட்டைகளோடு வந்து பஸ்ஸைச் சூழ்ந்துகொண்டார்கள். ஒரு வாரமாக மலையில் மாட்டிக்கொண்டவர்கள். அரங்கநாதன் படிக்கட்டில் நின்று, பிரேக் சரியில்லை, யாரும் ஏறக் கூடாது, வண்டி காலியாகத்தான் இறங்கும் என்றார்.

கருவாடு விற்க மலையேறிய சாலம்மாள் கூடையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு முன்னால் வந்தாள். கச்சிராயபாளையத்துக்காரி. "ஏன் சார், வரும்போது எங்கள ஏத்திக்கினு வந்தீங்களே, அப்ப பிரேக்கு நல்லாருந்துதா?"

"அப்பவும் இல்லம்மா."

"அப்ப ஏன் ஏத்தினீங்க?"

"எங்களுக்குத் தெரியல."

"வண்டி ஒங்க வண்டி. ஒங்களுக்கே தெரியலியா?" என்று கேட்டுவிட்டு அவள் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். அரசாங்க டிப்போவில் எத்தனையோ தணிக்கை அதிகாரிகளுக்குப் பதில் சொன்னவர் அரங்கநாதன். கருவாட்டுக்காரி கேட்டதற்கு அவர் தலையைக் குனிந்துகொண்டு வண்டிக்குள் ஏறினார்.

பஸ் முதல் கியரில் உருண்டது. சின்னதுரை ஒரு மரக்கட்டையோடு பின்னாலேயே நடந்து, ஒவ்வொரு வளைவிலும் சக்கரத்துக்கு முட்டுக் கொடுத்தான். முழங்கால் வலிக்காரரான அரங்கநாதன் வண்டிக்குள் உட்கார்ந்து, முன்னால் இருந்த கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, தெரிந்த சாமி பேர்களை எல்லாம் சொன்னார். தெரிந்தவை தீர்ந்ததும் திரும்ப முதலிலிருந்து ஆரம்பித்தார். பயணிகள் குறுக்குப் பாதையில் நடந்து இறங்கினார்கள். பஸ் அடிவாரத்துக்கு வந்து சேர்ந்தபோது சாலம்மாள் கச்சிராயபாளையம் டீக்கடையில் உட்கார்ந்து இரண்டாவது டீ குடித்துக்கொண்டிருந்தாள். குஞ்சம்மாளும் அவள் பக்கத்தில் இருந்தாள். புருஷன் ஓட்டும் வண்டியில் ஏறுவதைவிட நடப்பது மேல் என்று அவளும் முடிவு செய்திருந்தாள்.

ஷெட்டில் முதலாளி காத்திருந்தார். நசுங்கிய குழாயைப் பற்றிக் கேட்டதும் அவர் முகம் கொஞ்சமும் மாறவில்லை. அதை அரங்கநாதன் கவனித்தார்.

"வேணும்னே பண்ணியிருக்கான் அந்த வீரமுத்து. மறியல் ஆளு. பஸ்ஸக் கவுக்கணும்னு பிளான் போட்டிருக்கான். போலீசுல எழுதிக் குடுத்துடலாம். மணிமொழி, டைப் அடிம்மா. சார் நேர்ல பாத்த சாட்சி. அவரு கையெழுத்துப் போடுவாரு."

மணிமொழி மெஷினில் தாளைச் சொருகிவிட்டு அரங்கநாதனைப் பார்த்தாள். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நான் பாத்தது குழாயத்தானுங்க. யாரு அடைச்சது, யாரு சொல்லி அடைச்சதுன்னு கார்டுல இல்லீங்களே. கார்டுல இல்லாததுக்கு நான் எப்படிக் கையெழுத்துப் போடறது?"

முதலாளி அவரை ஒரு நிமிஷம் முறைத்தார். "சரி, அவன் வரட்டும்" என்று சொல்லிவிட்டுக் காரில் ஏறினார்.

வீரமுத்து விடுதலையாகி மாலையும் கழுத்துமாக வந்தார். ஜெயிலில் ஆகாரம் பரவாயில்லை, ஜீப்பு ஒன்றுக்கு செல்ஃப் ஸ்டார்ட்டர்கூடச் சரி செய்து கொடுத்தேன் என்று சொல்லிக்கொண்டே வந்தவரை அரங்கநாதன் ஸ்டோருக்குள் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார்.

"மேஸ்திரி, அந்தக் குழாய நீங்கதானே நசுக்கினீங்க?"

"ஆமா சார்."

"ஜனங்க ஏறுற வண்டி. மனசாட்சி இல்லையா?"

வீரமுத்து மாலையைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். "சிலிண்டரு ஒழுவிச்சு. ஒங்ககிட்ட வந்து புதுசு கேட்டேன். எழுதிக்கினு வான்னு சொன்னீங்க. தலையக்கூட நிமித்தல. எனக்குக் கோவம். எழுத மாட்டேன்னு போயி மொதலாளிய நேரா கேட்டேன். கரும்பு வெட்டு முடியட்டும், அதுவரிக்கும் எதனா பண்ணி ஓட்டுன்னாரு. பண்ணேன். இதுல நான் மட்டும்தானா மனசாட்சி இல்லாதவன்?"

அரங்கநாதனுக்கு அந்த நாள் நினைவில்லை. ஜன்னலில் எத்தனையோ பேர் வந்து நின்றிருக்கிறார்கள்; எத்தனையோ பேரிடம் தலை நிமிராமல் அதையே சொல்லியிருக்கிறார்.  மெதுவாகச் சொன்னார்: "முதலாளி போலீசுல எழுதிக் குடுக்கப் பாத்தாரு. நீங்க பஸ்ஸக் கவுக்கத் திட்டம் போட்டீங்களாம்."

"நானா?"

"அவரு அப்படிப் பண்ணி ஓட்டச் சொன்னதுக்கு என்ன ஆதாரம் இருக்கு உங்ககிட்ட?"

"வாயால சொன்னாரு சார். சின்னதுர கூட பக்கத்துல..." என்று ஆரம்பித்து வீரமுத்து நிறுத்தினார். முதலாளி அப்படிச் சொன்ன அன்றைக்குச் சின்னதுரை லீவு. அவர் கை தானாகத் தலைத்துண்டுக்குப் போனது. அவிழ்த்தார். பென்சிலைக் கேட்டார்.

பச்சைக் கார்டில் இப்படி எழுதினார்: 'இடது பின்சக்கரம் பிரேக் சிலிண்டர் ஒழுகியது. ஸ்டோரில் கேட்டேன். எழுதிக்கொண்டு வா என்றார். எழுதவில்லை. முதலாளியிடம் கேட்டேன். கரும்பு வெட்டு முடியட்டும், எதையாவது பண்ணி ஓட்டு என்றார். குழாயை நசுக்கி அடைத்தேன். மூன்று பேர் மேலும் தப்பு.' கீழே கையெழுத்துப் போட்டு, ஸ்டோர்கீப்பர் கையெழுத்து இடத்தை விரலால் தொட்டுக் காட்டினார். நாலு மாதமாக அரங்கநாதன் எதிர்பார்த்துக் காத்திருந்த கார்டு இதுதான். படித்தபோது காது மடல் சுட்டது. கையெழுத்துப் போட்டார்.

அந்தக் கார்டை ஷெட்டில் எல்லோரும் வாங்கிப் படித்தார்கள்; மறுநாளிலிருந்து ஷெட்டுக்கு எழுதும் வியாதி பிடித்தது. எழுதினால் மாட்டுவோம் என்று பயந்தவர்கள், எழுதினால் மற்றவன் மாட்டுவான் என்று கண்டுபிடித்துவிட்டார்கள். அரங்கநாதனின் பிரசங்கம் செய்யாததை அந்த ஒரு ஞானம் செய்துவிட்டது. வீரமணி 'மேற்படி'யைக் கைவிட்டு முன்னும் பின்னும் நிரப்பினான்: 'ஹாரன் அடிக்கவில்லை. முதலாளியிடம் சொன்னேன். உனக்கு வாய் இருக்கிறதே என்றார்.' சின்னதுரை எழுதினான்: 'மேஸ்திரி பத்தாம் நம்பர் ஸ்பேனர் கேட்டார். கொடுத்தேன். திருப்பித் தரவில்லை. கேட்டதற்கு முறைத்தார்.' மேஸ்திரி அதற்குப் பதில் எழுதினார்: 'முறைக்கவில்லை. என் கண்ணே அப்படித்தான்.' எல்லோரும் கார்பன் பேப்பர் கேட்டார்கள். நகல் தங்கள் வீட்டில் இருக்க வேண்டுமாம். வண்டியைத் தொடுவதற்கு முன்னால் பென்சிலைத் தேடினார்கள். வேலை கம்மியாகிவிட்டது, எழுத்து ஜாஸ்தியாகிவிட்டது. அரங்கநாதன் எல்லாவற்றையும் படித்துக் கையெழுத்துப் போட வேண்டியிருந்ததால் வீட்டுக்குப் போக இருட்டிவிடும். தங்கமணி இதைப் பற்றிக் குறை ஒன்றும் சொல்லவில்லை.

ஒருநாள் முதலாளி சாமான் கணக்குப் பார்க்கிறேன் என்று வந்து கார்டுக் கட்டைப் பிரித்தார். முதல் நாலு கார்டு படிக்கும்போது உட்கார்ந்திருந்தவர் ஐந்தாவதில் எழுந்துவிட்டார்.

"இன்னாய்யா இது? திருட்டப் புடிக்க எழுதச் சொன்னா, எம் பேச்செல்லாம் எழுதி வெச்சிருக்கானுங்க! இந்தக் கார்டு சமாச்சாரமே வேணாம். இன்னியோட நிறுத்துங்க. இருக்கறத எல்லாம் அடுப்புல போடுங்க."

ஷெட்டில் சுத்தியல் சத்தம் நின்றது. அரங்கநாதன் எழுந்து நின்று, எப்போதும்போலப் பணிவாகக் கேட்டார்: "அந்த உத்தரவ மட்டும் எழுத்துல குடுத்துடுங்க."

"இன்னாது?"

"நாளைக்கு யாராவது கேட்டா நான் என்ன காட்டறதுங்க?"

தனசேகரன் வேகமாக ஒரு தாளை இழுத்து, சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்தார். 'இனிமேல்' என்று எழுதினார். அதற்கடுத்த வார்த்தை வரவில்லை. என்ன எழுதினாலும் அது ஏன் என்று ஒருவன் கேட்பான் என்பது அவருக்குப் பேனா முனையில்தான் புரிந்தது. தாளைக் கசக்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு காரில் ஏறிப் போய்விட்டார். மறு வாரம் நாலு பஸ்ஸுக்கும் புது பிரேக் சிலிண்டர்கள் பெட்டியில் வந்து இறங்கின. அரங்கநாதன் வரவு வைத்துக்கொண்டார். வீரமுத்துமேல் போலீசில் எழுதிக் கொடுக்கும் பேச்சோ, அவரை வேலையை விட்டு அனுப்பும் பேச்சோ எழவில்லை. அனுப்புவதற்கும் ஒரு காகிதம் எழுத வேண்டியிருக்குமே.

கார்த்திகை மாதத்தில் மழை பிடித்துக்கொண்ட ஒரு மத்தியானம், அரங்கநாதன் அன்றைய கார்டுகளைப் படித்துக்கொண்டிருந்தார். மேஸ்திரி எழுதிய ஒன்று கைக்கு வந்தது. 'சாப்பாட்டுக்கு அப்புறம் ஸ்டோருக்கு நட்டு வாங்கப் போனேன். ஸ்டோர்கீப்பர் நாற்காலியில் தூங்கிக்கொண்டிருந்தார். குறட்டை. மூன்று தடவை கூப்பிட்டேன். எழுந்து, எழுதிக்கொண்டு வா என்றார். எழுதியிருக்கிறேன்.'

அவர் நிமிர்ந்து ஜன்னலைப் பார்த்தார். வீரமுத்துவும் சின்னதுரையும் வீரமணியும் மழைக்கு ஒதுங்கியவர்கள்போல அங்கே நின்றுகொண்டு, வேறு எங்கோ பார்த்துக்கொண்டிருந்தார்கள். கார்டை அப்படியே கால்சட்டைப் பைக்குள் தள்ளிவிடலாமா என்று ஒரு கணம் நினைத்தார். சின்னதுரையின் சட்டைப்பையில் கார்பன் நகலின் நீல ஓரம் நீட்டிக்கொண்டிருந்தது.

அரங்கநாதன் தேதி போட்டு, 'உண்மை' என்று எழுதி, கையெழுத்திட்டார்.